இடது காதில் டிக்டிக், வலது காதில் நான்

திருட்டு என்றே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். உங்கள் ஜூனியர் வெளியே என்னிடம் பேசும்போது 'அனுமதியின்றிப் பயன்படுத்துதல்' என்றார். பக்கத்து வீட்டுக்காரன் கேட்காமல் நம் ஏணியை எடுத்துப் போனால் அப்படிச் சொல்லலாம். இவர்கள் எடுத்தது என்னை. என்னை எடுத்துவைத்துக்கொண்டு, எனக்கு அங்கே இடமில்லை என்கிறார்கள்.

வரிசையாகவே சொல்கிறேன். அந்த ஃபேனை மட்டும் கொஞ்சம் குறைக்க முடியுமா? டக் டக் என்று அடிக்கிறது. நிமிஷத்துக்குத் தொண்ணூற்றாறு. உங்களுக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். நன்றி.

பெயர் கிளமெண்ட் அருள்தாஸ். வயது அறுபத்திரண்டு. பெரம்பூர். தொழில் கீபோர்டு. சினிமாவா என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்கள் கேட்கவில்லை, சந்தோஷம். சினிமாவுக்கும் எட்டு வருஷம் வாசித்தேன். அங்கே தாளில் எழுதிக் கொடுப்பார்கள், வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். நான் வாசிப்பது ஜாஸ். அதில் பாட்டு என்பது ஒரு சாக்குத்தான். நாலு பேர் மேடையில் உட்கார்ந்து பேசிக்கொள்வது மாதிரி. ஒருவர் ஒன்று சொல்ல, மற்றவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்வோம் என்று வாய் திறக்கும்வரை நமக்கே தெரியாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த ஹோட்டல் இருக்கிறதே, கடலைப் பார்த்த மாதிரி, அங்கே ஞாயிற்றுக்கிழமை மதிய பஃபே. பதினொன்றிலிருந்து இரண்டரை வரை. பதினோரு வருஷமாக அங்கே வாசித்தோம். 'கிளமெண்ட் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்று வாசலில் பலகை வைப்பார்கள். ஃப்ரெண்ட்ஸ் மூன்று பேர். டிரம்ஸ் பாஸ்கோ, ராயபுரத்துக்காரன், என் வயதுதான், முப்பது வருஷப் பழக்கம். பேஸ் கிடார் உமாபதி, பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார். பாடுவது ஷெரில். வார நாட்களில் நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். முப்பத்து நாலு வயசு. எங்கள் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்த பெண்ணை மேடைக்குக் கொண்டுவந்தவன் நான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் சாமான்களையும் சொல்லிவிடுகிறேன், வக்கீல் நோட்டீஸில் வர வேண்டும். முதலில் பியானோ. எண்பத்தெட்டுக் கட்டை, இருபத்திரண்டு கிலோ. அதன் மேல் ஆர்கன். பக்கத்தில் சிந்தசைஸர். காலடியில் ஐந்து பெடல். முதுகுப் பக்கம் ஒரு ரேக், அதில் நாலு சவுண்ட் மாட்யூல். சின்ன மிக்ஸர். எல்லாவற்றையும் இணைக்கும் வயர்களை நீட்டிப் போட்டால் உங்கள் லிங்கிச் செட்டித் தெரு முனைவரை போகும். ஆரம்பத்தில் பியானோ மட்டும்தான் கொண்டுபோவேன். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. நல்ல சவுண்ட் ஒன்று கேட்டுவிட்டால் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனசு வராது, மேடம். மேடையில் ஷெரிலுக்கு இடம் கொஞ்சம் குறைந்தது. அவள் இறங்கி கேரமல் கஸ்டர்ட் வைத்திருக்கும் மேஜை பக்கம் நின்று பாடினாள். அவள் குறை சொன்னதே இல்லை. ஒரு தடவை மட்டும், "அங்கிள், பாட்டுக்கு நடுவுல ஒருத்தர் என்கிட்ட ஸ்பூன் கேட்டாரு" என்றாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு டிரம் மெஷின் வாங்கினேன். பாஸ்கோ நல்ல வாசிப்பாளன், மறுக்கவில்லை. ஆனால் குஷி வந்தால் வேகம் ஏறிவிடும். நான் திரும்பி முறைப்பேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பான், முறைத்து என்ன பயன்? ஒரு ஞாயிறு, வாசித்து முடித்துச் சாமான் கட்டும்போது மெஷினை அவனிடம் காட்டினேன்.

"டிபன் பாக்ஸ் சைசுக்குக் கீது. இதுவா என் வேலைய பாக்கும்?" என்றான்.

"டெம்போ நகராது பாஸ்கோ. ஆரம்பிச்ச வேகத்துலயே முடிக்கும்."

"டீ கேக்காதா?"

"கேக்காது."

"அப்ப தங்கமான ஆளுதான். வச்சுக்க மச்சான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் வராதே என்று நான் சொல்லவே இல்லை. அவனாகத்தான் வரவில்லை. இதைக் கொஞ்சம் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

உமாபதி விஷயமும் அப்படித்தான். என் பியானோவில் கட்டைகளை இரண்டாகப் பிரிக்கிற வசதி உண்டு. இடது பக்கக் கட்டைகளை அழுத்தினால் பேஸ் கிடார் சத்தம், வலது பக்கம் பியானோ. இடது கை சும்மா இருக்கிறதே என்று அதிலும் வாசிக்க ஆரம்பித்தேன். மெஷினோடு அது அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டு பேஸ் ஒரே நேரத்தில் வந்தால் குழம்பும் அல்லவா? அவரிடம் மரியாதையாகத்தான் சொன்னேன். "சார், நீங்க வாசிக்கணும்னு இல்ல. கிடார மாட்டிக்கிட்டு நில்லுங்க. பாக்க நல்லா இருக்கும்." மூன்று ஞாயிறு நின்றார். நாலாவது ஞாயிறு பேத்திக்குக் காதுகுத்து என்றார். பிறகு வரவில்லை. அந்தப் பேத்திக்கு எத்தனை காது என்று நான் கேட்கவில்லை. போகிறவரைப் பிடித்து நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆக நானும் ஷெரிலும். இரண்டு பேர், நாலு பேருடைய சத்தம். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இங்கேதான் கேஸ் ஆரம்பம்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த சமயம். ஷெரில் ஒரு நாள் கேட்டாள். "அங்கிள், ஸ்கூலுக்கு மெட்ரோல போறப்ப பாடிப் பாக்கணும். நம்ம பாட்டெல்லாம் ரெக்கார்டு பண்ணித் தரீங்களா? டிரம்ஸ், பேஸ் எதுவும் வேணாம். அதெல்லாம் இருந்தா உங்க கார்ட்ஸ் சரியா கேக்க மாட்டேங்குது."

கார்ட்ஸ் என்றால் மூன்று நாலு கட்டையைச் சேர்த்து அழுத்துவது. மேடம், நாற்பது வருஷமாக வாசிக்கிறேன். என் கார்ட்ஸ் சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு ஜீவன் வருத்தப்பட்டதில்லை. உருகிப்போனேன்.

முப்பத்தாறு பாட்டு. இரண்டு மாதம். மே, ஜூன். வீட்டில் ஒரு அறையைத்தான் ஸ்டுடியோ ஆக்கி வைத்திருக்கிறேன். ஏசி போட்டால் லைனில் உர்ரென்று ஒரு ஓசை ஏறும், அதனால் அதை நிறுத்திவிட்டு உட்கார்வேன். பிலோமினா, என் மனைவி, கதவைத் திறந்து பார்ப்பாள். "நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு வாசிங்கன்னா முதுகு வலின்னீங்க. இது எத்தனாவது பாட்டு?" என்பாள். ஹெட்போனில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டபடி நான் வாசிப்பேன். பதிவில் மெஷின் ஏறாது, என் பியானோ மட்டும் ஏறும்.

அப்புறம் நானே ஒன்று செய்தேன். அவள் கேட்கவில்லை. பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டுமே என்று, இடது பக்கம் டிக் டிக் என்று தாளம் மட்டும், வலது பக்கம் என் வாசிப்பு மட்டும் வருகிற மாதிரிப் பிரித்து வைத்தேன். காதில் மாட்டினால் இடது காதில் டிக்டிக், வலது காதில் நான். ஸ்டுடியோக்காரர்களுக்கு இது புரியும். மேடையில் இதை ஓட்ட வேண்டும் என்றால் இப்படித்தான் தயார் செய்வார்கள். டிக்டிக்கை டிரம்மர் காதுக்கு மட்டும் அனுப்பிவிட்டு, மற்றதை ஜனங்களுக்கு விடலாம். எல்லாவற்றையும் தயார் செய்து, பென்டிரைவில் போட்டு, அவள் கையில் கொடுத்தவன் நானேதான். பாம்புக்குப் பால் கிண்ணம் மட்டுமில்லை, கைதுடைக்கத் துண்டும் கொடுத்திருக்கிறேன்.

இந்த வருஷம் கண்ணில் புரை. வலது கண் ஜூலையில், இடது கண் ஆகஸ்டில். கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்றார் டாக்டர். ஷெரில் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். "ஞாயித்துக்கிழமைய நான் பாத்துக்கறேன் அங்கிள். நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க." யாராவது கிடார்ப் பையனை வைத்துச் சமாளிப்பாள் என்று நினைத்தேன். செப்டம்பரில் போன் செய்தேன், கண் சரியாகிவிட்டது என்று. "இன்னும் ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுங்களேன்" என்றாள். இரண்டு வாரம் கழித்துச் செய்தேன். "வெயில் ஜாஸ்தியா இருக்கு அங்கிள்." நான் என்ன, அப்பளமா காய்ந்துபோக? அடுத்த ஞாயிறு கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாசலில் பலகை இருந்தது. 'ஃப்ரெண்ட்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது.

உள்ளே நுழைவதற்கு முன்பே கேட்டது. என் பியானோ. யாராவது என்னைப் போல வாசிக்கிறார்களோ என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை, அது நான்தான். மூன்றாவது வரியில் ஒரு கார்டை அரை நொடி தாமதமாக அழுத்துவேன், அந்தத் தாமதம்கூட அப்படியே வந்தது. மேடையைப் பார்த்தேன். பாஸ்கோ, காதில் ஒற்றை இயர்போன். உமாபதி. ஷெரில் நடு மேடையில், கையை வீசிப் பாடிக்கொண்டிருக்கிறாள். நான் உட்காருகிற இடத்தில் ஒரு தொட்டிச்செடி.

அப்பம் சுடுகிறவர் பக்கத்தில் போய் நின்றேன். "சார், எக் அப்பமா, பிளெயினா?" என்றார். எதையோ சொன்னேன். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, மேடையிலிருந்து வந்த என்னையே கேட்டேன்.

ஜாஸில் ஒரு பழக்கம் உண்டு. பாட்டின் நடுவில் நாலு பார் நான் வாசிப்பேன், நாலு பார் டிரம்ஸ், மறுபடி நான். பார் என்றால் நாலு எண்ணிக்கை. வாக்குவாதம் மாதிரி மாறி மாறிப் போகும். நான் பதிவு செய்தபோது அந்த நாலு பாரில் மெஷின் வாசித்தது, என் ஹெட்போனில். பதிவில் அது ஏறாததால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையில் பாஸ்கோ புகுந்தான். முதல் தடவை, குச்சிக்குப் பதில் பிரஷ்ஷை வைத்து வெறும் இரண்டே தட்டு. அவ்வளவுதான், மிச்சத்தைச் சும்மா விட்டுவிட்டான். அடுத்த நாலு பாரில் நான் வாசித்தது அதற்குப் பதில் சொன்ன மாதிரியே இருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் என் வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசித்தது, மேடம்! ஜனங்கள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். கைதட்டினார்கள். பதினோரு வருஷத்தில் அந்த ஹோட்டலில் கைதட்டி நான் பார்த்தது கேக் வெட்டும்போது மட்டும்தான்.

அடுத்த பாட்டில் உமாபதி தனியாக வாசித்தார். பின்னால் என் பியானோ, ஒற்றைக் கை, அங்கொன்றும் இங்கொன்றுமாக. என் பக்கத்தில் நின்ற ஒருவர் மனைவியிடம், "பியானோக்காரரு எவ்ளோ அடக்கமா பின்னாடி நிக்கறாரு பாத்தியா" என்றார். அடக்கமாம். அந்த இடத்தில் நான் இன்னொரு கையால் வேர்வை துடைத்துக்கொண்டிருந்தேன். ஏசி கிடையாது, மே மாதம்.

மெஷின் வாசிக்க வேண்டிய இடம் அது. என் இடது கை வாசிக்க வேண்டிய இடம் இது. இரண்டையும் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதற்கு என்ன செக்ஷன்?

இடைவேளையில் பாஸ்கோதான் முதலில் பார்த்தான். "வா மச்சான். கண்ணு தெரியுதா இப்போ?"

"நல்லாவே தெரியுது. யாரக் கேட்டுடா என்ன ஓட்டறீங்க?"

"உன்ன ஓட்டலப்பா. உன் பின்னாடிதான் நாங்க ஓடறோம். ஒரு இஞ்சு நகர முடியல. டெம்போ நகரவே கூடாதுன்னியே, சந்தோசமா?"

ஷெரில் கண் கலங்கினாள். "உங்கள விட்டுட்டு வேற ஆள் வச்சுப் பாட எனக்கு வரல அங்கிள். ஹோட்டல்ல ரெண்டு பேர அனுப்பினாங்க. வேணாம்னுட்டேன். அதான் உங்களயே வச்சுக்கிட்டோம்."

"அப்ப நான் வர்றேன்னு சொன்னப்ப ஏன் வெயிலு, மழைன்ன?"

அவள் பாஸ்கோவைப் பார்த்தாள். பாஸ்கோ தொட்டிச்செடியைப் பார்த்தான். கடைசியில் உமாபதி வாயைத் திறந்தார். அவர் குரலையே நான் மறந்துவிட்டேன். "வாங்க சார். வாசிக்கணும்னு இல்ல. வந்து நில்லுங்க. பாக்க நல்லா இருக்கும்."

என்ன ஆணவம் பாருங்கள். நான் அவரிடம் இதே வார்த்தையைச் சொன்னபோது எவ்வளவு பிரியத்தோடு சொன்னேன்!

ஷெரில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் கோவத்துல சொல்றாரு. அடுத்த வாரமே வாங்க அங்கிள். பியானோ மட்டும் கொண்டு வாங்க. அது ஒண்ணு போதும். மெஷின் வேணாம், அந்த ரேக்கு வேணாம். இடது கையில பேஸ் வேணாம். செடிய எடுத்துடச் சொல்றேன்."

ஒரே ஒரு பியானோ. எனக்கு! பியானோவுக்கு ஒரு பெடல் போதுமே, இருக்கிற ஐந்தில் மிச்சம் நாலை வீட்டில் வைத்துவிட்டு வா என்று, நான் சர்ச்சிலிருந்து கொண்டுவந்த பெண் எனக்குச் சொல்கிறாள். கையை உதறிவிட்டு வந்துவிட்டேன். அப்பத்தைக்கூடச் சாப்பிடவில்லை.

இதுதான் நடந்தது. கேளுங்கள்.

ஒப்பந்தமா? அதெல்லாம் கிடையாது. பழக்கம்தான்.

பாட்டுகளா? என் பாட்டு இல்லை. எல்லாம் பழைய அமெரிக்கப் பாட்டுகள். ஆனால் வாசிப்பு என்னுடையது. அது செல்லும் இல்லையா? பார்க்கலாமா? சரி, பாருங்கள்.

பயிற்சிக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தேனா என்றால்... எழுதினேன். பென்டிரைவ் போட்ட கவரின் மேல் எழுதினேன். அப்படி எழுதவில்லை. 'அன்பு ஷெரிலுக்கு, நன்றாகப் பயன்படுத்து, அங்கிள்' என்று எழுதினேன். ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

புரிகிறது. நோட்டீஸ் போனால் ஹோட்டல்காரர்கள் பயந்து என் பதிவை நிறுத்திவிடுவார்கள். சரி. நிறுத்திவிட்டு? அந்த இரண்டு பேரில் ஒருவனைக் கூப்பிடுவார்கள். ஆமாம். அவன் என் இடத்தில் உட்காருவான், பாஸ்கோ அவனுக்குப் பதில் வாசிப்பான்.

இல்லை, அது வேண்டாம். நிறுத்தச் சொல்லி எழுத வேண்டாம்.

பின்னே என்னதான் வேண்டும் என்றால், மேடம், என்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று எங்கேயாவது ஒரு தாளில் முத்திரையோடு இருக்க வேண்டும். அதற்கு ஏதாவது உண்டா?

கடைசியாக அவளுக்குப் பதிவு கொடுத்தது எப்போது என்று கேட்டீர்கள். போன வருஷம் ஜூன் என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் திருத்த வேண்டும்.

போன புதன்கிழமை ஷெரில் போன் செய்தாள். டிசம்பர் வருகிறது, கிறிஸ்துமஸ் பாட்டுகள் வேண்டுமாம், பன்னிரண்டு. நீங்கள் நேரில் வந்தாலும் சரி, பதிவாகக் கொடுத்தாலும் சரி என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். என் சட்டைப் பையில் இருக்கிற பென்டிரைவில் அந்தப் பன்னிரண்டும்தான் இருக்கிறது. இல்லை, இது ஆதாரம் இல்லை, இன்னும் கொடுக்கவில்லை. இங்கிருந்து நேரே அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன், மூன்றரைக்கு விட்டுவிடுவார்கள்.

அப்படிப் பார்க்காதீர்கள். கொடுக்காவிட்டால் அவர்களுக்கு வேறு ஆள் கிடைத்துவிடுவான்.

பன்னிரண்டிலும் மெஷின் போடவில்லை. ஹெட்போனிலும் போடவில்லை. டிக்டிக் மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தேன். கடைசிப் பாட்டில் பாஸ்கோவுக்கு எட்டு பார் விட்டிருக்கிறேன். நாலு இல்லை, எட்டு. முழுசாக, வெறுமையாக. டீ கேட்காத ஆள் யார், கேட்கிற ஆள் யார் என்று அதில் தெரிந்துவிடும். என்ன கிழிக்கிறான் என்று பார்க்கிறேன்.

நோட்டீஸை டைப் செய்து வைத்திருங்கள். அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.

அந்த எட்டு பார் ஓடும்போது நான் கட்டையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், மேடம். முப்பத்திரண்டு எண்ணிக்கை. மூச்சே விடவில்லை. மைக் எதுவும் கிடையாது, பியானோவிலிருந்து வயர் வழியாக நேரே போகிறது, மூச்சு விட்டாலும் பதிவாகாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் விடவில்லை.